கைதட்டலைத் துடைக்காதீர்கள்

1948 பிப்ரவரியில் எங்கள் ஒதியம்பட்டு பிரெஞ்சு இந்தியாவில் இருந்தது. வில்லியனூர் தேருக்குப் பிரெஞ்சு கவர்னர் நேரில் வந்து வடம் பிடித்த காலம் அது. (அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. கவர்னர் இடத்தில் இப்போது துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார்.) அதே மாதம் 28-ஆம் தேதி, பாரிசில் சால் பிளேயல் என்ற மண்டபத்தில் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பிக் பேண்டு (பெரிய ஜாஸ் குழு) ஒரு கச்சேரி செய்தது. கச்சேரி நடக்கும்போதே அதைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு தட்டாக வந்து, எல்பியாக வந்து, சிடியாக வந்து, கடைசியில் செல்போன் வழியாக என் காதுக்கும் வந்துவிட்டது. கொஞ்ச நாளாக வேறு எதையும் கேட்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

எனக்கு இந்த இசை எப்படி அறிமுகம் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு உண்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, அந்த நாட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். அந்த வீட்டுப் பெரியவர் எனக்குச் சொந்தம் இல்லை, ஆனாலும் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கொண்டுவந்த இரும்புப் பெட்டியில் உடுப்பு, பதக்கம் இவற்றோடு கொஞ்சம் எல்பி தட்டுகளும் இருந்தன. அதில் ஒன்று வோக் கம்பெனித் தட்டு. முதல் தடவை கேட்டபோது எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிற மாதிரிதான் எனக்குப் பட்டது. தாத்தாவிடம் சொன்னேன். "தனித்தனியா பிரிச்சுக் கேக்காதப்பா. தேர் மூலை திரும்பும்போது மேளத்தை எப்படிக் கேப்ப, அப்படிக் கேளு" என்றார்.

அதன்பிறகு கேட்க வந்துவிட்டது.

மேளத்தில் நமக்கு இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம். கூட்டம் பெரிதானால் எண்ணிக்கை கூடும். அந்தப் பாரிஸ் மேடையில் டிஸ்ஸியையும் சேர்த்து ஐந்து டிரம்பெட், இரண்டு டிராம்போன், ஐந்து சாக்ஸபோன், பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ், இவற்றோடு கோங்கா என்கிற கியூபா நாட்டுக் கைமேளம். பியானோவில் ஜான் லூயிஸ், பாஸில் அல் மெக்கிபன், டிரம்ஸில் கென்னி கிளார்க், கோங்காவில் சானோ போசோ. இந்தக் கடைசி இரண்டு பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது பெரும்பாலும் அவர்கள் இருவரையும் சுற்றித்தான் வரும்.

பீபாப் என்ற இந்த ஜாஸ் இசை 1940-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மின்டன்ஸ் பிளேஹவுஸ் போன்ற இடங்களில் உருவானது. டிஸ்ஸி, சார்லி பார்க்கர், தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க் இவர்கள்தான் முதல் வரிசை. வேகம் அதிகம், சுரங்களின் போக்கில் எதிர்பாராத திருப்பங்கள் அதிகம், ஆடுவதற்குத் தோதில்லாதது. நாலைந்து பேர் உட்கார்ந்து வாசிக்க ஏற்ற இசை. அதைப் பதினாறு பேர் சேர்ந்து வாசிக்க முடியுமா என்பதுதான் டிஸ்ஸி எடுத்துக்கொண்ட வேலை. 1945-இல் ஒரு பேண்டு கட்டி அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போனார். ஆட வந்த கூட்டம் ஆட முடியாமல் நின்றது, பேண்டு கலைந்தது. 1946-இல் மறுபடி கட்டினார். கில் ஃபுல்லர் என்பவர் வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டு மியூசிகிராஃப்ட் கம்பெனிக்கு அவர்கள் வாசித்த "திங்ஸ் டு கம்" என்ற உருப்படியைக் கேட்டால் மூச்சு முட்டும். அவ்வளவு வேகத்தில் அத்தனை குழல்கள் ஒரே நேர்கோட்டில் போகின்றன.

ஆனால் ஸ்டுடியோத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தட்டில் கேட்டவர்களுக்கு இந்த வேதனை தெரியும். மணிக்கணக்கில் தோடியை விரித்தவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் கையில் அந்தத் தட்டில் இருப்பதோ சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் தோடியின் தெளிவு கிடைக்கிறது. ராத்திரி முழுக்க வாசித்தவருக்கு இருந்த நிதானம் அதில் கிடைக்காது. பிக் பேண்டிலும் அதேதான். ஒருவர் தனியாக வாசிக்க எழுந்தால் ஸ்டுடியோவில் அவருக்குக் கிடைப்பது ஒரு சுற்று, சில நேரம் அரைச் சுற்று. கச்சேரியில் சூடு ஏறினால் இன்னொரு சுற்று, அதற்கு மேல் இன்னொன்று.

மூன்று நிமிடக் கட்டுப்பாடு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பீபாபுக்கு வேறொரு கண்டமும் இருந்தது. அமெரிக்க வாத்தியக்காரர்கள் சங்கம் 1942 ஆகஸ்டு 1-ஆம் தேதி முதல் ரெக்கார்டு கம்பெனிகளுக்கு வாசிக்கக் கூடாது என்று தடை போட்டது. தட்டும் ரேடியோவும் நேரில் வாசிப்பவர்களின் பிழைப்பைக் கெடுக்கின்றன, அதற்கு ஈடாகக் கம்பெனிகள் ஒரு தொகை தர வேண்டும் என்பது கோரிக்கை. பெரிய கம்பெனிகள் எல்லாம் இறங்கிவர 1944 நவம்பர் ஆகிவிட்டது. பீபாப் பிறந்து தவழ்ந்ததே அந்த இடைவெளியில்தான். 1943-இல் எர்ல் ஹைன்ஸ் பேண்டில் பார்க்கரும் டிஸ்ஸியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த பேண்டு அந்த ஆண்டு ஸ்டுடியோவுக்குள் கால் வைக்கவே இல்லை. 1944-இல் பில்லி எக்ஸ்டைன் தொடங்கிய பேண்டில் டிஸ்ஸி, பார்க்கர், டெக்ஸ்டர் கார்டன், ஆர்ட் பிளேக்கி, பாட சாரா வான் என்று அத்தனை பேரும் சேர்ந்தார்கள். அவர்களின் ஸ்டுடியோத் தட்டுகளில் ஒலித்தரம் மிக மோசம். 1945-இல் அமெரிக்க ராணுவ ரேடியோவின் "ஜூபிலி" நிகழ்ச்சிக்காக எடுத்த பதிவுகள் பிழைத்திருப்பதால்தான் அந்த பேண்டின் பலம் என்னவென்று நமக்குத் தெரிகிறது. டிஸ்ஸியும் பார்க்கரும் அதற்குள் விலகியிருந்தார்கள் என்பது வேறு.

இரண்டாவது தடை 1948 ஜனவரி 1-ஆம் தேதி. அந்த ஆண்டு டிசம்பர் நடுப்பகுதி வரை நீடித்தது. தடை வரப்போவது தெரிந்து கம்பெனிகள் 1947 டிசம்பர் கடைசியில் அவசர அவசரமாகப் பதிவு செய்து குவித்தன. டிஸ்ஸியின் பேண்டும் விக்டர் கம்பெனிக்கு டிசம்பர் 22, 30 இரண்டு நாளும் வாசித்தது. "மன்டேகா" அந்த 30-ஆம் தேதிதான் பதிவானது.

இங்கேதான் சானோ போசோ வருகிறார். ஹவானாவில் பிறந்தவர். இங்கிலீஷ் அதிகம் தெரியாது. 1947 செப்டம்பர் 29-ஆம் தேதி கார்னகி ஹால் கச்சேரியில் டிஸ்ஸியோடு மேடை ஏறினார். "மன்டேகா"வின் அடித்தளம் அவர் வாயால் பாடிக் காட்டியது. இது பாஸுக்கு, இது சாக்ஸபோனுக்கு, இது டிராம்போனுக்கு என்று அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நடுவில் வரும் பகுதியை டிஸ்ஸி சேர்த்தார். 1948 டிசம்பர் 2-ஆம் தேதி, ஹார்லெமில் ஒரு பாரில் சானோ போசோவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 33. தடை நீங்க இன்னும் சில நாட்களே இருந்தன. ஆக, டிஸ்ஸியின் பேண்டோடு சானோ ஸ்டுடியோவில் வாசித்தது 1947 டிசம்பரின் அந்த இரண்டு நாட்கள் மட்டும்தான். டிஸ்ஸியும் சானோவும் சேர்ந்து வளர்த்த 1948-ஆம் ஆண்டு இசை முழுவதும் கச்சேரிப் பதிவுகளிலும் ரேடியோ ஒலிபரப்புகளிலும்தான் இருக்கிறது. பாரிஸ் பிளேயல், நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட், ஜூலை மாதம் கலிபோர்னியாவில் பசடீனா. இவற்றை யாராவது பிடித்து வைக்காமல் போயிருந்தால் அந்த ஒரு வருடம் இசை வரலாற்றில் வெறும் பெயராகத்தான் இருந்திருக்கும்.

பாரிஸ் கச்சேரியே நடக்காமல் போயிருக்க வேண்டியது. பேண்டு ஜனவரியில் கப்பலேறி முதலில் ஸ்வீடன் போனது. அங்கே ஏற்பாடு செய்தவரோடு பணப் பிரச்சினை. கையில் காசில்லாமல் நின்றவர்களைப் பாரிசுக்கு வரவழைத்தவர் ஷார்ல் தெலோனே. ஓவியர்கள் ரொபேர் தெலோனே, சோனியா தெலோனே இருவரின் மகன். ஹாட் கிளப் த பிரான்ஸ் என்ற ஜாஸ் ரசிகர் சங்கத்தின் தூண். பீபாப் ஜாஸே இல்லை என்று சொன்ன தன் பழைய கூட்டாளி உயுக் பனாசியேவோடு அவர் அப்போது முறைத்துக்கொண்டிருந்தார். சங்கமே இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்த நேரத்தில் டிஸ்ஸியின் பேண்டைப் பாரிஸ்காரர்கள் முன் நிறுத்தியது தெலோனேக்கு ஒரு வழக்கை நிரூபிப்பது மாதிரி. மண்டபத்தில் இருந்த கூட்டத்துக்கும் அது தெரியும். பதிவைக் கேட்கும்போது அந்தக் கைதட்டலில் வெறும் மரியாதை இல்லை, ஒரு கட்சிக் கூட்டத்தின் ஆவேசம் இருக்கிறது.

"கியூபானா பீ, கியூபானா பாப்" என்று ஜார்ஜ் ரஸ்ஸல் எழுதியதன் நடுவே சானோ தனியாகக் கோங்கா வாசித்துக்கொண்டு பாடுகிறார். கியூபாவில் அவர் சமூகத்தின் சடங்குகளில் பாடும் ஆப்பிரிக்க வழிப் பாட்டு. பேண்டுக்காரர்கள் குழலைக் கீழே வைத்துவிட்டுப் பதில் குரல் கொடுக்கிறார்கள். விக்டர் தட்டிலும் இது உண்டு, ஆனால் அளந்து வைத்தது. பிளேயலில் சானோ கைக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறார். கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே அடங்குகிறது, எந்த அடியில் விழித்துக்கொள்கிறது எல்லாம் கேட்கிறது. அந்தச் சத்தம் இல்லாமல் இந்த வாசிப்பு இல்லை. வாசிப்பவனைக் கூட்டம் எந்த இடத்தில் தூக்கிவிட்டது என்பதும் இசையில் ஒரு பாகம்தானே.

இனி செப்பனிடுவதைப் பற்றி. இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

அந்தக் காலத்தில் கச்சேரிகளையும் ரேடியோவையும் பெரும்பாலும் லாக்கர் தட்டில்தான் பிடித்தார்கள். அலுமினியத் தட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, அதில் ஊசி நேரடியாகக் கோடு கிழிக்கும். போர்க் காலத்தில் அலுமினியம் விமானத்துக்குப் போய்விட்டதால் கண்ணாடித் தட்டின்மேலும் பூசினார்கள். கை தவறினால் கதை முடிந்தது. பூச்சு இளக்கமாக இருக்க அதில் விளக்கெண்ணெய் கலப்பது வழக்கம். ஆமாம், நம் வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கும் அதே ஆமணக்கெண்ணெய்தான். வருடங்கள் போகப் போக எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியாக மேலே படியும். எண்ணெய் போன பூச்சு சுருங்கும், வெடிக்கும், ஏடு ஏடாகப் பெயரும். சில தட்டுகளை ஒரே ஒரு முறைதான் ஓட்டிக் கேட்க முடியும், அந்த ஓட்டத்திலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். (கடையில் விற்ற 78 ஆர்.பி.எம். தட்டுகள் வேறு. அவை அரக்கில் செய்தவை. அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. போரில் வரத்து குறைந்ததும் அமெரிக்காவில் தட்டுக்கே தட்டுப்பாடு.)

தட்டைக் கழுவி, கோட்டின் அகலத்துக்கு ஏற்ற ஊசியைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. ஒரே தட்டுக்குப் பல ஊசிகளை வைத்துப் பார்ப்பார்கள். முந்தைய ஊசிகள் தேய்க்காத ஆழத்தில் ஒலி இன்னும் புதிதாக இருக்கும். அடுத்தது வேகம். 78 என்று எழுதியிருந்தாலும் பதிவு செய்த கருவி 76-இல் ஓடியிருக்கலாம், 80-இல் ஓடியிருக்கலாம். ஆறு சதவீதம் வேகம் கூடினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். டிரம்பெட்டின் குரல் மெலிந்து கீச்சென்று ஆகும். பியானோவின் சுருதியை வைத்தும், பதிவில் அடியில் ஓடும் மின்சார ரீங்காரத்தை வைத்தும் சரியான வேகத்தைப் பிடிப்பார்கள். அமெரிக்காவில் அந்த ரீங்காரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. நம் ஊர்ப் பதிவில் அது 53-இல் நின்றால் தட்டோ டேப்போ வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். பதிவில் குறை என்று நாம் நினைக்கும் ஒன்றே அதன் வேகத்துக்குச் சாட்சி சொல்கிறது. அதை முதலிலேயே வடிகட்டி எறிந்துவிட்டால் சாட்சி போய்விடும்.

கடைசியில் இரைச்சல் நீக்குவது. கென்னி கிளார்க்கை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அதுவரை டிரம்ஸ் வாசிப்பவர்கள் காலால் அடிக்கும் பெரிய டிரம்மில்தான் கணக்கு வைத்தார்கள், தம் தம் தம் தம் என்று. கிளார்க் அந்தக் கணக்கைத் தூக்கி மேலே தொங்கும் தட்டையான சிம்பலுக்கு மாற்றினார். காலடி மேளம் எதிர்பாராத இடத்தில் வெடிக்கும் அடிகளுக்கு என்று ஒதுங்கியது. பீபாபின் நடையே அந்தச் சிம்பலின் மெல்லிய ஓட்டத்தில்தான் இருக்கிறது. இப்போது பழைய தட்டில் வரும் 'ஸ்ஸ்' இரைச்சல் எந்த அலைவரிசையில் இருக்கிறதோ, சிம்பலும் அங்கேதான் இருக்கிறது. இரைச்சலைத் துடைக்கிறேன் என்று கையை வைத்தால் சிம்பலும் சேர்ந்து போகும். சுத்தமான, அமைதியான, நடையே இல்லாத ஒரு பேண்டு மிஞ்சும். மேளத்தில் தாளம் போடுபவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்ட மாதிரி. இணையத்தில் சுற்றும் எத்தனையோ 'சுத்தப்படுத்திய' பதிவுகளில் இந்தக் கொடுமை நடந்திருக்கிறது.

சொடக்குச் சத்தத்தை எடுக்கும் மென்பொருளும் இப்படித்தான். அது கூர்மையான திடீர் எழுச்சியைத் தேடிப்பிடித்து மழுக்கும். டிரம்பெட்டின் தொடக்கமும் கூர்மையான எழுச்சிதான். ஐந்து டிரம்பெட் ஒன்றாக எழும் இடத்தில் மென்பொருளுக்கு எது கீறல், எது வாசிப்பு என்று தெரியாது. மழுங்கிய டிரம்பெட்டில் ஒரு கரகரப்பு வரும். கேட்பவர்கள் பழைய தட்டின் குறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

நல்ல வேலைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 1946 ஜூனில் நியூயார்க் 52-ஆவது தெருவின் ஸ்பாட்லைட் கிளப்பில் டிஸ்ஸியின் பேண்டு வாசித்ததை அப்டவுன் என்ற சிறிய கம்பெனி 2008-இல் இரண்டு சிடியாக வெளியிட்டது. அறுபத்திரண்டு வருடம் கழித்து! பேண்டு மறுபடி கூடித் தன் குரலைத் தேடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எல்லாம் கச்சிதமாக இல்லை, சில இடங்களில் குழல்கள் சிதறும், மறுபடி சேரும். கிளப்பின் சத்தம் சுற்றிலும் இருக்கிறது. இரைச்சல் இருக்கிறது, ஆனால் சிம்பல் இருக்கிறது. அந்த இரண்டில் எதை விடுவது என்று தெரிந்த கை.

அந்த 1946 பேண்டில் இன்னொரு அழகு. கில் ஃபுல்லர் எழுதிய உச்ச சுரங்களை ஊதி ஊதி டிரம்பெட்காரர்களின் உதடு வீங்கிவிடும். அவர்கள் ஓய்வெடுக்கப் பியானோ, வைப்ரபோன், பாஸ், டிரம்ஸ் நான்கு பேர் மட்டும் கொஞ்ச நேரம் வாசிப்பார்கள். ஜான் லூயிஸ், மில்ட் ஜாக்சன், ரே பிரவுன், கென்னி கிளார்க். அந்த ஓய்வு நேர வாசிப்பிலிருந்துதான் பிற்பாடு மாடர்ன் ஜாஸ் குவார்டெட் முளைத்தது. நாகஸ்வரக்காரர் சீவாளியை எடுத்து ஈரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, தவில் தனி ஆவர்த்தனம் நடக்கும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதிவு செய்பவர் எதை முக்கியம் என்று நினைக்கிறாரோ அதுதான் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும். டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன்காரர் 1947, 48-இல் சார்லி பார்க்கர் பின்னாலேயே கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் போடுவார், மற்றவர்கள் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். பொருளை மிச்சம் பிடிக்கத்தான். 1990-இல் மொசைக் கம்பெனி அவற்றை வெளியிட்டபோது உலகமே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு வாக்கியத்தின் நடுவில் கதவு சாத்தினால் எப்படி இருக்கும், அப்படி அறுந்து போகிறது. பார்க்கர் எதைக் கேட்டுவிட்டு அதற்குப் பதிலாக வாசித்தார் என்பது நமக்குக் கிடைக்காது.

இதையே நான் இங்கே, நம் கொம்யூனிலும் பார்க்கிறேன். வில்லியனூர், பாகூர் பக்கம் கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் நடந்த மேளக் கச்சேரிகளை 1980-களில் டேப் ரெக்கார்டரில் பிடித்தவர்கள் நிறைய. தெரிந்தவர்கள் வீடுகளிலிருந்து கேசட் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது எனக்குக் கொஞ்ச காலமாகப் பழக்கம். பலவற்றில் நாகஸ்வரம் நின்று தவில் தனி தொடங்கியதும் டப் என்று ஒரு சத்தம், அதன்பிறகு அடுத்த பாட்டு. கேசட் தீர்ந்துவிடுமே என்ற கவலை. தவில்காரரின் பேரன் வந்து கேட்டால் கொடுக்க ஒன்றும் இருக்காது.

சமீபத்தில் வந்த ஒரு கேசட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு சுவாமி புறப்பாடு, ராத்திரி நேரம். பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மேளத்தோடே நடந்திருக்கிறார்கள். பதிவு செய்யும்போது பேட்டரி இறங்கினால் டேப் மெதுவாக ஓடும், அதையே பிற்பாடு சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் வேகமாகக் கேட்கும். இந்தக் கேசட்டில் முதலில் இரண்டு கட்டையில் இருந்த நாகஸ்வரம் பக்கம் முடியும்போது இரண்டரைக் கட்டைக்குப் போயிருந்தது. மல்லாரியின் காலமும் கூடவே ஏறியிருந்தது. ஆடாசிட்டி மென்பொருளில், முதலில் ஒரு வேகம், கடைசியில் ஒரு வேகம் என்று சீராக இறக்கிக்கொண்டே வர வழி உண்டு. ஒத்தின் சுருதி நேர்கோட்டில் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்தேன். சரியானதும் தவிலின் வலந்தலை கனத்துக்கொண்டு வந்தது பாருங்கள், அதுவரை கேட்டது வேறு யாரோ வாசித்த மாதிரி இருந்தது.

இரைச்சலை ஆறு டெசிபலுக்கு மேல் குறைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். பன்னிரண்டுக்குப் போனால் முதலில் போவது தாளத்தின் ஓசை. இந்தக் கேசட்டில் ஒரு ஆள் நடுநடுவே "வண்டி வருது, ஒதுங்கு ஒதுங்கு" என்கிறார், ஒரு குழந்தை அழுகிறது, அதிர்வேட்டு ஒன்று வெடித்து மைக் திணறுகிறது. கேசட் கொடுத்த வீட்டு அம்மா, "அந்தக் கத்தலை எல்லாம் எடுத்துட்டு மேளத்தை மட்டும் வச்சுக் குடு தம்பி" என்று கேட்டார். நான் இரண்டு பிரதியாகக் கொடுத்தேன், ஒன்றில் கை வைக்காமல், ஒன்றில் அவர் கேட்டபடி முடிந்தவரை. பிறகு போனில், கை வைக்காததைத்தான் வீட்டில் எல்லாரும் கேட்கிறோம் என்றார். ஒதுங்கச் சொல்கிற குரல் அவர் மாமனாருடையதாம்.

வீட்டில் இப்படிக் கேசட் வைத்திருப்பவர்களுக்குச் சில வேலைகள். முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாக டேப்பைப் பாருங்கள். நம் கடலோரக் காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் எந்தக் கருவியிலும் போடாதீர்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பரவும். டேப்பை அழுத்திப் பிடிக்கும் சின்ன பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கலாகத்தான் வரும், டேப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நல்ல கேசட் ஓட்டுக்குள் மாற்றினால் போதும். கேட்கும் முன் ஒரு முறை முழுக்கச் சுற்றி, திரும்பச் சுற்றி டேப்பை இளக்கிக்கொள்ளுங்கள். கருவியில் ஹெட் பக்கத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும். கேட்டுக்கொண்டே அதை இம்மி இம்மியாகத் திருப்பினால், தாளத்தின் ஓசை பளிச்சென்று தெளியும் ஒரு இடம் வரும். அங்கே நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஏற்றியதை வேவ் கோப்பாக அப்படியே ஒரு பிரதி ஒதுக்கி வையுங்கள், எம்பி3 வேண்டுமானால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உறையின்மேல் எழுதியிருப்பதை, யார் வாசித்தது, எந்த ஊர், எந்த வருஷம் என்பதை, போட்டோ எடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள். எழுதவில்லை என்றால் வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதை மட்டும் அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பிளேயல் கச்சேரியைக் கேட்க விரும்புகிறவர்கள் தலைப்பில் 1948, பாரிஸ் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வெளியீடுகள் இருக்கும். "திங்ஸ் டு கம்" உருப்படியை ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். கென்னி கிளார்க்கின் சிம்பல் எதில் கடைசிவரை காதில் விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.